பதினோரு நாள் வண்டி

உத்தரவாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள்.
கியர்பெட்டி முனகத் தொடங்கியது.
நல்லவேளை என்றார்கள் அலுவலகத்தில்,
தேதி பார்த்து வந்த வலியைப்போல.

கிண்டி தொழிற்பேட்டை, காலை ஒன்பதரை,
டோக்கன் நாற்பத்திரண்டு.
சர்வீஸ் அட்வைசர் டெல்சன் சொன்னான்:
"பார்ட் புனேலேர்ந்து வரணும் மேடம்.
நாலு நாள். இல்லன்னா பதினொண்ணு."
நாலுக்கும் பதினொன்றுக்கும் நடுவே
நாளே இல்லாத காலண்டர் அவனுடையது.

அதுவரைக்கும் மாற்று வண்டி
கேட்டால்தான் தருவார்களாம்.
மூன்று முறை கேட்டேன்,
மூன்றாவது, ரேஷன் கடை வரிசையில் கேட்கும் குரலில்.

ஒரு தாள் வந்தது.
கருவாட்டுக்குக் கீறிப் பரப்பிய மீன்போல
அதில் ஒரு கார்.
இருக்கிற கீறலுக்கெல்லாம் பெருக்கல்குறி போட்டோம்:
இடது கதவு, பின் பம்பர், டிக்கியோரம் ஒரு சொட்டை.
யார்யாரோ இடித்ததற்கு
நான் கையெழுத்திட்டேன்.
"பெட்ரோல் ரெண்டு கட்டை.
அதே ரெண்டு கட்டையோட திருப்பித் தாங்க."

வெள்ளை வண்டி.
இருக்கையில் எனக்குப் பழகாத பள்ளம்.
மேலே எலுமிச்சை வாசம், அடியில் பழைய மிக்சர்.
திரையைத் தொட்டால், யாரோடு இணைய என்றது.
முபீனாவின் போன்.
டாக்டர் கோதண்டபாணி.
ரெட்மி 9.
சிங்கக்குட்டி.
மறுபடி ரெட்மி 9.
எல்லோரும் வண்டி படுத்த அன்று வந்தவர்கள்.
சிங்கக்குட்டிக்கு என்ன கோளாறோ,
கிளட்ச்சாகத்தான் இருக்கும்.

இண்டிகேட்டர் இதில் இடக்கைப் பக்கம்.
கத்திப்பாராவில் ஒதுங்கப் பார்த்து
வைப்பரைப் போட்டுவிட்டேன்.
மே மாதம். தகர வானம்.
காய்ந்த கண்ணாடியில் இரண்டு துடைப்பானும்
இல்லை இல்லை என்று கீச்சிட்டன.

மடிப்பாக்கம் கேட்டில் பிஸ்வஜித் மறித்தான்.
"நம்பர் லிஸ்ட்ல இல்ல மேடம்."
நாலு வருஷமாய் வணக்கம் வைப்பவன்
நோட்டை நீட்டினான்.
பெயர்: தமயந்தி.
யாரைப் பார்க்க: தமயந்தி, பி-304.
காரணம் என்ற கட்டத்தில்
அவனே எழுதிக்கொண்டான், டெலிவரி.

நாலாம் நாள் அழைப்பில்லை.
ஏழாம் நாள், "டிரான்சிட்ல இருக்கு."

ஒன்பதாம் நாள்
விஜயநகர் சிக்னல், நூற்றெண்பது நொடி.
திரை தானே ஒளிர்ந்தது.
என் போன் என்றே பச்சையைத் தொட்டேன்.
நாலு ஸ்பீக்கரிலும் ஓர் ஆண்குரல்:
"முபீனா, ரிப்போர்ட் வந்துடுச்சா?"

நான் வாய் திறக்கவில்லை.
"கேக்குதா? என்ன போட்ருக்கான்?
எதுவா இருந்தாலும் சொல்லு."

சுற்றிலும் நாற்பது ஹெல்மெட்.
எதற்குள் இருக்கிறாள்?
ஊதா துப்பட்டாவால் முகம் கட்டியவளா,
பேருந்தின் ஜன்னலோரமா,
மடியில் பழுப்பு உறையோடு ஆட்டோவிலா?
இதோ இங்கேதான் இருக்கிறாள் என்று
அவனிடம் சொல்லவா?
சிக்னல் விழுந்தது. நாற்பதும் சிதறின.
முபீனாவின் போன் துண்டிக்கப்பட்டது
என்றது வண்டி, சாதாரணமாக.

பதினோராம் நாள்
பங்க்கில் இரண்டு கட்டைக்கு அளந்து ஊற்றினேன்.
டெல்சன் அதே தாளோடு வந்தான்.
புதுக் கீறல் இல்லை.
சாவியைத் தருமுன் பட்டியலைத் திறந்து
முபீனாவை அழித்தேன்;
அடுத்தவர் காதில் விழவேண்டாம்.
என் பெயரை அழிக்க மறந்ததை
வெளியே வந்த பிறகுதான் நினைத்தேன்.

என் வண்டியில் எவனோ நெட்டைக்காலன்
சீட்டைப் பின்னே தள்ளியிருந்தான்.
பதினேழு கிலோமீட்டர் கூடியிருந்தது.
கியர் வெண்ணெய்.

ஒலிம்பியா அருகே வலது திரும்பல்.
இடக்கை தானாய் நீண்டது.
உச்சி வெயிலில் வைப்பர் எழுந்து
ஒருமுறை, இருமுறை.

பக்கத்து ஆட்டோவிலிருந்து
தலையை நீட்டிக் கேட்டார்:
"இன்னாக்கா, உனக்கு மட்டும் மழையா?"